படிக்கட்டுக்கு இடது பக்கம்

அத்தியாயம் 17

போன வாரம் குண்டான் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான், நாம் அவனை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். ‘மனுஷனைக் கத்தியோடு உட்கார வைத்துவிட்டு எங்கே போய்த் தொலைந்தீர்கள்?’ என்று நாலைந்து பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். எங்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவன் தீட்டிக்கொண்டுதான் இருந்தான். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அந்தக் கத்தியை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு புறப்பட்டான்.

ஆனால் அன்றைய முதல் அடி அவன் அடித்ததல்ல. அது பத்திரிகை அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், பிழை திருத்துகிற மேஜை முன்னால், அவன் தங்கையின் கன்னத்தில் விழுந்தது. அடித்தவள் அவன் மனைவி.

தங்கையை வீட்டில் ‘நாக்கு’ என்பார்கள். வாரா வாரம் தெருத்தெருவாக நின்று தின்றுவிட்டு, எங்கே எது நன்றாக இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதுகிறாளே, அதனால் வந்த பெயர். வாயும் கொஞ்சம் நீளம்தான்.

“இது என் புருஷனுக்காக” என்றாள் அண்ணி. அவள் கையில் ஒட்டியிருந்த மீன் செதிலில் இரண்டு, நாத்தனார் கன்னத்துக்கு இடம் மாறியிருந்தன.

பக்கத்து மேஜைக்காரர் எழுந்தார். விஷயம் குடும்பச் சண்டை என்று தெரிந்ததும் உட்கார்ந்து, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்.

“அண்ணி, என்ன ஆச்சு?”

“இன்னிக்கு முறை நாள். மறந்துட்டியா? உன் தம்பி வண்டியை நகர்த்த மாட்டேங்கிறான். விடிஞ்சதும் வந்து, சக்கரத்துல சங்கிலி போட்டு, படிக்கட்டுக் கம்பியோட சேர்த்துப் பூட்டிட்டான். உன் அண்ணன் கத்தியோட கிளம்பிட்டாரு. காலைக் கட்டிக்கிட்டேன். உதறிட்டுப் போயிட்டாரு.”

அண்ணியின் தாடையில் ஒரு சிவப்புத் தடம் இருந்தது. உதறியது எப்படி என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது.

முறை என்றால் என்ன என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் குண்டான், தம்பி சுள்ளி, இரண்டு பேரும் மீன் வறுக்கிறவர்கள். அப்பாவிடம் கற்றுக்கொண்ட ஒரே வறுவல். ரயில் பாலத்துப் படிக்கட்டின் அடியில் ஆளுக்கொரு தள்ளுவண்டி. படி இறங்கி வருகிற கூட்டம் பேருந்துக்காக இடது பக்கம்தான் திரும்பும். வலது பக்கத்தில் சாக்கடை மூடியும் சுவரும்தான். காற்றடித்தால் அடுப்பு அணையும். ஆறு வருஷம் முன்னால் அப்பா கண்ணை மூடிய மறு வாரமே இடது பக்கம் யாருக்கு என்று ஒரு சண்டை வந்தது. அதில் அண்ணனுக்கு முன்பல் இரண்டு போயிற்று, தம்பிக்குக் கழுத்தெலும்பு உடைந்தது. நாக்குதான் நடுவில் புகுந்து தீர்த்து வைத்தாள். ஒரு வாரம் நீ இடது, மறு வாரம் அவன் இடது, திங்கட்கிழமை தோறும் மாற்றிக்கொள்ள வேண்டியது. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் முறை தவறியதில்லை.

அதைக் கெடுத்தவளும் நாக்குதான்.

சென்ற திங்கட்கிழமை வெளியான அவளுடைய பக்கத்தின் தலைப்பு, ‘தெருவில் நின்று சாப்பிட வேண்டிய பத்து’. பெயர்ப் பலகை இல்லாத வண்டிகளை வேறு எப்படிச் சொல்வது? இடத்தைச் சொல்லித்தான் எழுதுவாள். பேருந்து நிலையப் பின்வாசல், நீலக் குடை, அவித்த சோளம். உப்பு மட்டும் கேளுங்கள், வேறெதையும் தடவ விடாதீர்கள். மருத்துவமனை எதிரே இரும்பு வாளியில் எலும்பு சூப். மூன்று மணிக்கு முன்னால் போனால் வெந்நீர், நாலு மணிக்குப் பிறகு போனால் அமிர்தம். அச்சகச் சந்து முனையில் முட்டை ரொட்டி. வரிசை நீளமாக இருந்தால் நல்லது, கல் காய்ந்திருக்கும்.

முதல் இடம்: ரயில் பாலத்துப் படிக்கட்டு, இறங்கும்போது இடது பக்கம், மீன் வறுவல். ‘மேல் மாவு உடைகிற சத்தம் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும். உள்ளே மீன் ஈரம் மாறாமல் இருக்கும். வலது பக்கமும் ஒரு வண்டி உண்டு. பசி தாங்காதவர்கள் அங்கே போய்க்கொள்ளலாம்.’

அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு அவள் தனியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது வட்டியும் முதலுமாக வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

ஏனென்றால் அவள் சாப்பிட்டபோது இடது பக்கம் நின்றவன் குண்டான். அவன் இடது பக்கம் நிற்கிற வாரத்தில் வெளிவரும்படி கணக்குப் போட்டுத்தான் பக்கத்தைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் காய்ச்சலில் படுத்தாள். அந்த வாரம் ஒரு மெத்தைக் கடை விளம்பரம் முழுப் பக்கத்தையும் விழுங்கிவிட்டது. பட்டியல் ஏழு நாள் தள்ளிப்போய் வெளியானபோது இடது பக்கம் நின்றது சுள்ளி. கூட்டம் அவனை மொய்த்தது. பசி தாங்காதவர்களுக்கான வண்டி என்று ஊர் முழுக்கப் பார்த்துச் சிரித்தது குண்டானை.

“சொந்த அண்ணனை இப்படி எழுத உனக்குக் கை எப்படி வந்துச்சு?” அண்ணி கேட்டாள்.

“அண்ணி, அது அண்ணனைப் பத்தி எழுதினது இல்ல. நான் சாப்பிட்டப்போ இடது பக்கம் அண்ணன்தான் நின்னாரு. பேப்பர்காரங்க ஒரு வாரம் தள்ளிப் போட்டுட்டாங்க. முதல் இடம் அண்ணனுக்குத்தான்.”

அண்ணி அவளையே பார்த்தாள்.

“இதை ஒரு வாரமா வாய்க்குள்ள வெச்சிருந்தியா?”

“சொல்லணும்னுதான் நினைச்சேன்...”

இரண்டாவது அறை முதல் அறையைவிடப் பலமாக விழுந்தது. மேஜை மேலிருந்த சிவப்பு மைப் புட்டி உருண்டு தரையில் உடைந்தது.

“இது எனக்காக” என்றாள் அண்ணி. “வா.”

* * *

இரண்டு பேரும் ஓடினார்கள். கன்னம் எரிந்ததைவிட நாக்குக்கு நெஞ்சு அதிகமாக எரிந்தது.

ஏன் சொல்லவில்லை? பட்டியல் வந்த அன்று மத்தியானம் சுள்ளி அவளைத் தேடி அலுவலகத்துக்கு வந்திருந்தான். ஒரு கையில் கசங்கிய பத்திரிகை, இன்னொரு கையில் சூடான மீன் பொட்டலம். முப்பத்தோரு வயது ஆண்பிள்ளை, மாடிப்படியில் நின்று தேம்பித் தேம்பி அழுதான்.

“அக்கா, அப்பா இதைப் படிச்சிருக்கணும்க்கா” என்றான். “என் கைக்கு உப்பு தெரியாதுன்னு சொல்லிச் சொல்லி ஜல்லிக் கரண்டியால அடிப்பாரே. காய்ச்சின கரண்டி. இங்க பாரு.” முழங்கையைத் திருப்பிக் காட்டினான். வட்ட வட்டமாக வெந்த தழும்பு. “உனக்குத் தெரிஞ்சிருக்குல்ல, என் கை என்ன கைன்னு?”

அந்த முகத்தைப் பார்த்து, ‘தம்பி, அது நீ இல்லை’ என்று எந்த அக்கா சொல்லுவாள்? நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். நாளை என்பதற்கு ஏழு நாள் ஆயிற்று.

இதற்கும் அடியில் ஒன்று கிடந்தது. அதை அவள் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. சுள்ளியின் வண்டியில் அவள் மீன் தின்று நாலு வருஷம் ஆகிறது. ஒரு தடவை தின்றாள், கருகியிருந்தது. அப்பா சொன்னது சரிதான் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டாள். இந்தப் பட்டியலுக்காக அவள் வலது பக்கம் போகவே இல்லை. அந்த மீனைக் கண்ணால் பார்க்காமல், பல்லால் கடிக்காமல், மேஜையில் உட்கார்ந்து கிண்டலுக்காக ஒரு வரி எழுதினாள். நாக்கு என்று பெயர் வைத்துக்கொண்டு!

சுள்ளி அன்று கொண்டுவந்த பொட்டலம்? குற்றவுணர்ச்சியில் அதைப் பிரிக்கக்கூட இல்லை. அலுவலக வாசல் காவல்காரரிடம் கொடுத்துவிட்டாள்.

போகிற வழியெல்லாம் அவளுடைய பட்டியல் ரத்தம் கக்கிக்கொண்டிருந்தது. பேருந்து நிலையப் பின்வாசலில் இப்போது நீலக் குடை ஒன்றல்ல, மூன்று. பழைய சோளக்காரர் புதுக் குடை ஒன்றைப் பிடுங்கி அதன் கம்பியாலேயே புதியவன் முதுகில் வெளுத்துக்கொண்டிருந்தார். அச்சகச் சந்து முனையில் முட்டை ரொட்டிக்காரன் நெற்றியில் பெரிய கட்டு. வரிசையில் முந்தப் பார்த்த ஒருவனைத் தடுக்கப்போய் கல்லின் விளிம்பில் மோதிக்கொண்டானாம். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த முட்டையை எடுத்து எறிந்தான்.

“நல்லா எழுதினே தாயே! வயிறெரிஞ்சு சொல்றேன், நல்லா இரு!”

முட்டை அவள் தோளில் உடைந்து வழிந்தது. துடைக்க நேரமில்லை.

* * *

படிக்கட்டு தெரிவதற்கு முன்னால் சத்தம் கேட்டது. இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம்.

குண்டான் தன் வண்டியைக் கொண்டுவந்து சுள்ளியின் வண்டியோடு முட்ட விட்டிருந்தான். ஒரு முழக் கடப்பாரையால் சங்கிலியை அடித்துக்கொண்டிருந்தான். கத்தி இடுப்பில் இருந்தது. வண்டிக்கு அந்தப் பக்கம் சுள்ளி, கையில் ஜல்லிக் கரண்டி, முன்னால் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி. எண்ணெயில் மீன் கருகிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் அது கண்ணில் படவில்லை.

வரிசையில் நாற்பது பேர் இருப்பார்கள். ஒருவராவது விலக்கிவிட வேண்டுமே? ஊஹும். ஒருவராவது கிளம்பிப் போக வேண்டுமே? அதுவும் இல்லை. எல்லோரும் ஓரடி பின்னால் நகர்ந்து, அவரவர் இடத்தை விடாமல் நின்றார்கள். ‘நான் இவருக்குப் பின்னாடி’ என்று ஒரு அம்மாள் நடுவில் சொல்லிக்கொண்டது நாக்கின் காதில் விழுந்தது.

“எடுடா வண்டியை!” குண்டான் கத்தினான். ஆறு வருஷத்தில் தம்பியிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“மாட்டேன். முறையெல்லாம் போன வாரத்தோட முடிஞ்சுது. ஊரே என்னைத் தேடித்தான் வருது. நீ சாக்கடைப் பக்கம் போய் நில்லு. பசி தாங்காதவன் எவனாவது வருவான்.”

கடப்பாரை ஓங்கி இறங்கியது. சங்கிலி தெறித்து ஒரு துண்டு சுள்ளியின் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் இறங்க, அவன் பக்கத்திலிருந்த குவளையால் எண்ணெயை மொண்டு அண்ணனின் காலடியில் வீசினான். குண்டான் செருப்பில்லாமல் வந்திருந்தான். பாதம் சுரீரென்றது, பாட்டையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அலறினான். அலறிக்கொண்டே கத்தியை உருவி முன் சக்கரத்தின் டயரில் செருகி இழுத்தான். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாவுப் பாத்திரம் கவிழ்ந்து தரையெல்லாம் மஞ்சளாக ஓடியது.

“அண்ணா!” நாக்கு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். “விடுங்க ரெண்டு பேரும்!”

யார் காதில் விழும்? குண்டான் வண்டியைச் சுற்றி ஒற்றைக் காலில் தத்தி வந்து தம்பியின் தலைமயிரைப் பிடித்துவிட்டான். சுள்ளி கரண்டிக் காம்பால் அவன் விலாவில் இடித்தான், ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் உள்ளே ஏதோ முறிந்தது. குண்டான் விடவில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தம்பியின் தலையைச் சட்டியை நோக்கி அமுக்கினான். எண்ணெயின் ஆவியில் சுள்ளியின் இமைமயிர் சுருள்வதை நாக்கு பார்த்தாள். ஒரு சாண். பிறகு அரைச் சாண்.

“இடது பக்கம் யாருதுடா? சொல்லு!”

“பேப்பரைக் கேளு! உன் தங்கச்சியைக் கேளு!” சுள்ளி மூச்சுத் திணறிக் கத்தினான். “நான்தான்னு அவதான் எழுதினா!”

“அண்ணா, அது உங்களுக்கு எழுதினது!”

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. குண்டானின் கை நின்றது.

“முதல் இடம் உங்களுக்குத்தான். நான் சாப்பிட்டப்போ இடது பக்கம் நீங்கதான் நின்னீங்க. பேப்பர் ஒரு வாரம் தள்ளி வந்துச்சு. அவ்வளவுதான். அவனை விடுங்க அண்ணா. உங்களைக் கும்பிடறேன், விடுங்க.”

குண்டான் விட்டுவிட்டான். அங்கே சண்டை முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் நானும் இந்த அத்தியாயத்தை இதோடு மூடியிருப்பேன்.

சுள்ளி நிமிர்ந்தான். நெற்றி சிவந்து கன்றிப்போயிருந்தது. புருவத்திலிருந்து ரத்தம் சொட்டியது. அவன் அக்காவை மட்டும் பார்த்தான்.

“அப்போ வலது பக்கம்?”

அவள் தரையில் ஓடிய மாவைப் பார்த்தாள்.

“பசி தாங்காதவங்க போகலாம்னு எழுதினது... எனக்கா?”

அவள் தலையாட்டினாள். தலையாட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஏழு நாளாகப் பொய் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

குண்டான் சிரித்தான். வெந்த காலோடு, முறிந்த விலாவோடு, முன்பல் இல்லாத வாயை அகலத் திறந்து விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு வாரம் பட்ட அவமானம் அத்தனையும் அந்தச் சிரிப்பில் வெளியே வந்தது. அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, ஆனால் அந்தச் சிரிப்பை அவன் விழுங்கியிருக்கலாம்.

“கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?” என்று வரிசையைப் பார்த்துக் கூவினான். “பேப்பர்ல வந்த வண்டி இதுதான்! இந்தப் பக்கம் வாங்க!”

வரிசை நகர்ந்தது.

நாற்பது பேரும் நகர்ந்தார்கள். ஒரு கேள்வி இல்லை, ஒரு தயக்கம் இல்லை. போன வாரம் முழுக்கச் சுள்ளியின் மீனைத் தின்றுவிட்டுக் கையை நக்கியவர்கள், ‘இதுதான் மீன்’ என்று தலையை ஆட்டியவர்கள், மாவு வழிந்த தரையில் மிதிக்காமல் ஒவ்வொருவராகத் தாண்டி, குண்டானின் வண்டி முன்னால் போய் அதே ஒழுங்கில் நின்றார்கள். அந்த அம்மாள் மறக்காமல் சொன்னாள், “நான் இவருக்குப் பின்னாடி.”

சுள்ளி அதைக் கடைசி ஆள் நகரும்வரை பார்த்தான். பிறகு துணிகூடச் சுற்றாமல், வெறுங்கையால் சட்டியின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினான். உள்ளங்கை பொசுங்குகிற வாடை எழுந்தது. நாக்கு அவனுக்கும் அண்ணனுக்கும் நடுவில் நின்றாள். குண்டானின் சிரிப்பு பாதியில் அறுந்தது. அவன் தங்கையின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்து எறிந்தான். எறிந்த கையைத் திரும்ப இழுக்க அவனுக்கு நேரமில்லை.

வலது கை. தோளிலிருந்து விரல் நுனிவரை.

அவன் அலறியதை எழுத எனக்கு மனமில்லை. அண்ணி அலறியது அதற்கு மேல். நாற்பது பேரும் அப்போதுதான் கலைந்தார்கள்.

* * *

மத்தியானம் மூன்று மணிக்குக் காவல் நிலையத்தில் மின்விசிறி சுற்றவில்லை. சுவரோரம் பெஞ்சில் சுள்ளி உட்கார்ந்திருந்தான். இரண்டு உள்ளங்கையிலும் கட்டு. புருவத்தில் நாலு தையல். நாக்கு அவனுக்கு எதிரே நின்றாள். தோளில் முட்டை காய்ந்து, முழங்கை சிராய்த்து, கன்னத்தில் அண்ணியின் விரல்கள் ஐந்தும் அப்படியே இருந்தன.

மருத்துவமனையிலிருந்துதான் வந்தாள். குண்டானின் உயிருக்கு ஆபத்தில்லை. கை பிழைக்குமா என்று கேட்டதும் மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அண்ணி அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். “உள்ளே வந்தே, உன் காலை உடைப்பேன்” என்றாள். செய்யக்கூடியவள்தான்.

எழுத்தர் ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார்.

“உங்க அண்ணன்கிட்ட வாக்குமூலம் வாங்கியாச்சு. இடது கை ரேகை வெச்சிருக்காரு. டயர் வெடிச்சு வண்டி சாய்ஞ்சுதாம், சட்டி தானா கவிழ்ந்துதாம்.” கண்ணாடிக்கு மேலாகச் சுள்ளியைப் பார்த்தார். “யாரும் இதை நம்பப் போறதில்ல. ஆனா அடிபட்டவரே அப்படிச் சொன்னா நான் என்ன பண்றது? நீயும் இதையே சொல்லிட்டேன்னா கையெழுத்துப் போட்டுட்டு அக்காவோட வீட்டுக்குப் போகலாம். என்ன சொல்றே?”

சுள்ளி அவர் பக்கம் திரும்பவில்லை.

“சொல்லிடுடா” என்றாள் நாக்கு. “அண்ணனே சொல்லிட்டாரு. உன்னைக் காப்பாத்தணும்னுதான் அந்த வலியிலயும் சொல்லியிருக்காரு. தலையாட்டு, போதும்.”

“அக்கா.”

“சொல்லு.”

“என்ன குறை இருந்துச்சு?”

அவளுக்குப் புரியவில்லை.

“என் மீன்ல. எழுதினியே. என்ன குறைன்னு எழுதலையே.” குரலில் கோபம் இல்லை. ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டான். “மாவு கெட்டியா? எண்ணெய் காயறதுக்கு முன்னாடி போட்டுட்டேனா? சொல்லுக்கா. கை ஆறினதும் மாத்திக்கிறேன்.”

இது ஒன்றும் கஷ்டமான கேள்வி இல்லை. வாரா வாரம் பத்து வண்டிக்குக் குறை சொல்கிறவள். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டால் அவன் தலையாட்டுவான், கையெழுத்துப் போடுவான், வீட்டுக்குப் போகலாம். அவள் சொன்னாள்.

“உப்பு... கொஞ்சம்...”

சுள்ளியின் முகம் மாறியது. மெதுவாகத் தலையை ஆட்டினான். கட்டுப் போட்ட கையால் முழங்கையின் தழும்பைத் தொட்டுக்கொண்டான்.

“அப்பாவும் அதைத்தான் சொன்னாரு” என்றான். “அப்போ நிஜம்தான். எனக்கு உப்பு தெரியாது.”

அதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அப்பாவின் கரண்டியைக் காய்ச்சி மறுபடி அவன் மேல் வைத்தது போல இருந்தது, இந்தத் தடவை பிடித்திருந்தது அவள் கை. அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“இல்லடா. பொய் சொல்றேன். உப்பு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.”

“ஏன்?”

“நான் வரவே இல்ல. உன் வண்டிக்கு. நாலு வருஷமா உன் மீனை நான் வாயில வெக்கல. அந்த வரி... சும்மா எழுதினது. படிக்கிறவங்க சிரிக்கட்டும்னு.”

எழுத்தரின் பேனா நின்றது. சுள்ளி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“போன திங்கக்கிழமை பொட்டலம் கொண்டாந்தேனே?”

“அதையும் சாப்பிடல.”

அவன் அழுவான் என்று நினைத்தாள். அடிப்பான் என்று நினைத்தாள், அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகக் கன்னத்தைக்கூடக் கொடுத்தாள். அவன் எழுந்தான். அவளைச் சுற்றிக்கொண்டு மேஜைக்குப் போனான். நாற்காலியை முழங்காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“சார், எழுதிக்குங்க. சட்டி தானா கவிழல. நான்தான் தூக்கி ஊத்தினேன்.”

“டேய்!” நாக்கு பாய்ந்து வந்தாள். “சார், அவனுக்கு மருந்து மயக்கம். எழுதாதீங்க சார்!”

“தள்ளி நில்லும்மா.” எழுத்தர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். “தெரிஞ்சே ஊத்தினியா?”

“தெரிஞ்சேதான்.”

“உங்க அண்ணன் மேல?”

சுள்ளி மெல்லத் திரும்பினான். இமைமயிர் பொசுங்கிய அந்த இரண்டு கண்ணும் அக்காவின் முகத்தில் வந்து நின்றன.

“அண்ணன் கை குறுக்கே வந்துடுச்சு சார்” என்றான். “அவர் மேல ஊத்தணும்னு நான் தூக்கல.”